கருவியின் மௌனம்

வீட்டிலே பேசிக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டி திடீரென்று மௌனமாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். மற்றொருவர், "நிலையத்தில் ஏதோ கோளாறு" என்று இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புக் கூறிவிடுகிறார். மூன்றாமவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவராகத்தான் இருப்பார். அவர் விளக்கைப் போட்டு மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு முள்ளைத் திருப்பி வேறு நிலையம் கேட்கிறதா என்று பார்க்கிறார். அதன் பிறகு அடுத்த வீட்டுக்கு ஓடி, அங்கே வானொலி பாடுகிறதா என்று கேட்டு வருகிறார். முதலாமவர் சினம் கொள்கிறார், இரண்டாமவர் ஊகம் செய்கிறார், மூன்றாமவர் ஆராய்கிறார். அந்த மூன்றாமவர் செய்யும் வேலையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் ஊர் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு. தெற்கே சவ்வாது மலை. வடக்கே பள்ளிகொண்டாவை ஒட்டிச் செல்லும் பாலாறு. நீரின் குறுக்கே கட்டி அதைத் திருப்பிவிடும் அமைப்புக்கு நம் முன்னோர் வைத்த பெயரை எங்கள் ஊர் தாங்கி நிற்கிறது. அந்தத் தமிழ்ச் சொல்லையே ஆங்கிலேயப் பொறியாளர்கள் 'அனிகட்' என்று தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டனர். மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. கிழக்கே போனால் மேல்விசாரம், இராணிப்பேட்டை. 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. எனினும் இவ்வூர்களையெல்லாம் ஒன்றாகப் பிணைத்திருக்கும் தொழில் ஒன்று உண்டு. அதுதான் தோல் பதனிடும் தொழில். அத்தொழிலைச் சார்ந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வைக்கப்பெறும் அளவுக் கருவிகளைப் பார்ப்பதும் செப்பனிடுவதும் என் வேலை.

தோல் பதனிடும் இடத்தில் அளவுக் கருவிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பச்சைத் தோல் கெடாதிருக்க அதில் உப்பைத் தேய்க்கிறார்கள். மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்க்கிறார்கள். தோலைப் பக்குவப்படுத்தக் குரோமிய உப்பு வேண்டியிருக்கிறது. இவ்வளவும் கலந்த நீர் பல ஆண்டுகள் பாலாற்றுப் படுகையிலும் வயல்களிலும் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல்லாகக் கருதப்படுகிறது. தோல் தொழில் நடக்கும் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வுக் குறிப்பை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் நெறியையும் அது நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றின் துன்பத்தைக் குறித்து மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து, இது பழங்கதை அன்று என்பதை நீங்கள் உணரலாம்.

இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே, 2014 பிப்ரவரியில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. மிகுதியாக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தங்கள் கழிவை இடைவிடாமல் அளந்து, அந்த அளவுகளை உடனுக்குடன் இணையத்தின் வழியே வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அப்பதினேழில் தோல் பதனிடுதலும் ஒன்று. அதிகாரி என்றோ ஒரு நாள் வந்து ஒரு புட்டியில் நீர் எடுத்துச் சென்ற காலம் போய், பகலும் இரவும் விழித்திருக்கும் காவலாளாகக் கருவி வந்து சேர்ந்தது.

அந்தக் கருவியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். நீர் ஓடும் குழாயில் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் இருக்கிறது. தொட்டியில் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் காட்டும் பி.எச். சென்சார் இருக்கிறது. இவற்றிலிருந்து வரும் கம்பிகள் சுவரில் மாட்டியுள்ள ஓர் இரும்புப் பெட்டிக்குள் நுழைகின்றன. உள்ளே கையகலச் சிறு கணினி ஒன்று உண்டு. அதை 'டேட்டா லாகர்' என்பர். அதை ஒட்டி ஒரு மோடம். மோடத்துக்குள் கைப்பேசியில் இருப்பது போன்ற ஒரு சிம் அட்டை. இவ்வாறு ஒரே வேலைக்கென்று ஒரு கருவிக்குள் பொதிந்து வைக்கப்பெற்ற கணினியை 'உட்பொதி கணினி' என்று நூல்கள் கூறுகின்றன. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அதன் முன் அமர்ந்து பார்ப்பவரும் இல்லை. இரண்டு மூன்று சிறு விளக்குகள் மினுங்கும். அவ்வளவே அதன் முகபாவம்.

இந்தக் கருவி ஒரு நாள் பேசாமற் போகிறது. வாரியத்தின் சர்வருக்கு எண் வரவில்லை. அப்பொழுது மூன்று பேர் மூன்று விதமாக நினைக்கிறார்கள். ஆற்றுக்கு அருகே கிணறு வைத்திருக்கும் விவசாயி, "கழிவைத் திறந்துவிடுவதற்காகக் கருவியை நிறுத்திவிட்டார்கள்" என்கிறார். ஆலைக்காரர், "டவர் சரியில்லை, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார். அதிகாரியோ நோட்டீசு எழுதப் பேனாவை எடுக்கிறார். மூவரில் எவர் கூறுவதும் உண்மையாக இருக்கலாம்; எவர் கூறுவதும் பொய்யாக இருக்கலாம். ஒருவருடைய கிணறும், நூற்றுக்கணக்கானவர்களின் கூலியும், ஓர் அலுவலகத்தின் நேர்மையும் அந்த மௌனத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே, 'நெட்வொர்க் இல்லை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடக் கூடியதன்று இச்செய்தி. எங்கே அறுந்தது, எப்பொழுது அறுந்தது, ஏன் அறுந்தது என்று மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டும்.

இதற்கு ஓர் உவமை கூறுகிறேன். அணைக்கட்டிலிருந்து சென்னைக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். அது போய்ச் சேரவில்லை. எழுதவே இல்லையா? எழுதியும் பெட்டியில் போடவில்லையா? தபால்காரர் எடுக்கவில்லையா? முகவரி பிழையா? சென்னையில் வீட்டுக் கதவு பூட்டியிருந்ததா? ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு கேள்வி கேட்டால், கடிதம் நின்ற இடம் தெரிந்துவிடும். கருவியின் செய்தியும் அவ்வாறே கைமாறிக் கைமாறிச் செல்கிறது. மின்சாரம், கம்பி அல்லது வானலை, முகவரி, வழி, பெயர், வாயில், நம்பிக்கை என்று அதன் படிகளைக் கூறலாம். கீழ்ப்படி உறுதியாக இல்லாதபோது மேற்படியைச் சோதிப்பதால் பயன் இல்லை.

முதற்படி மின்சாரம். இது மிக எளியது என்று எண்ணி எல்லோரும் தாண்டிச் செல்லும் படியும் இதுவே. மோடம் வாளாவிருக்கும்போது மிகக் குறைந்த மின்னோட்டமே அதற்குப் போதும். ஆனால் இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி முறையில் அது கோபுரத்தை நோக்கிப் பேசும் கணத்தில் இரண்டு ஆம்பியர் வரையில் இழுக்கக்கூடும். அக்கணமோ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தது. கோபுரம் தொலைவில் இருந்தால் மோடம் உரக்கப் பேச வேண்டும். உரக்கப் பேசினால் மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். ஆகவே நகரத்து மேசையின் மேல் நன்றாக வேலை செய்த கருவி, நாட்டுப்புறத்தில் மாட்டியவுடன் மயங்கி விழுவது உண்டு.

இரண்டாம் படி கம்பியும் வானலையும். கம்பி வழித் தொடர்பானால், கேபிள் செருகும் இடத்தில் உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் இதற்கென்று தனியான ஒரு பகை உண்டு. சல்பைடு கலந்த கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, மனிதருக்கு நஞ்சாவது போலவே செம்புக்கும் வெள்ளிக்கும் பகையாகும். பளபளப்பான இணைப்பு முனைகள் நாளடைவில் கறுத்துப் போகின்றன. பார்வைக்குச் செருகியிருப்பது போல் தோன்றும். மின்சாரத்துக்கோ அங்கே ஒரு சுவர் எழும்பியிருக்கும். வானலையானால், ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு உள்ளேயே வைத்து மூடிவிட்டு, "சிக்னல் கிடைக்கவில்லை" என்று வருந்துவோரும் உண்டு. இரும்புப் பெட்டி வானலையைத் தடுக்கும். ஆன்டெனா வெளியே இருக்க வேண்டும்.

இங்கே ஓர் அழகான செய்தி உண்டு. மோடத்தோடு பேசுவதற்கு 'ஏ.டி. கட்டளைகள்' என்னும் சிறு மொழி ஒன்று பயன்படுகிறது. 1981-இல் டென்னிஸ் ஹேய்ஸ் என்னும் அமெரிக்கரின் மோடத்தோடு வழக்கிற்கு வந்த மொழி அது, இன்றும் உயிரோடிருக்கிறது. "அலையின் வலிமை என்ன?" என்று அம்மொழியில் மோடத்தைக் கேட்டால், 0 முதல் 31 வரையில் ஓர் எண்ணை விடையாகத் தரும். 0 என்றால் மிக மெலிவு. 31 என்றால் மிக வலிவு. சில வேளைகளில் 99 என்று விடை வரும். தேர்வு எழுதும் உங்களுக்கு 99 என்றால் மகிழ்ச்சி பிறக்கும். மோடத்தின் மொழியிலோ 99 என்பதற்கு 'எனக்குத் தெரியவில்லை' என்பதே பொருள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

மூன்றாம் படி கோபுரத்தின் ஒப்புதல். அலை நன்றாக இருந்தும், கோபுரம் இந்தச் சிம் அட்டையை ஏற்க வேண்டும். கட்டணம் தீர்ந்த அட்டையை அது ஏற்காது. சில வேளைகளில் கருவி மாறாதிருக்க, உலகம் மாறிவிடுகிறது. இந்தியாவில் மூன்றாம் தலைமுறைச் சேவையை ஏர்டெல் நிறுவனம் 2020-இல் நிறுத்திக்கொண்டது. அம்முறையை மட்டுமே நம்பிய மோடம், தான் பழுதடையாமலேயே அந்நிறுவனத்தின் கோபுரத்தடியில் ஊமையாகிவிடும். பத்தாண்டுக்கு என்று சுவரில் மாட்டும் கருவிக்கு இவ்வாறு நேர்வதைப் பொறியாளர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி முகவரி. வலையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் வேண்டும். பெரும்பாலும் ரூட்டரே அதைக் கொடுக்கும். எவரும் முகவரி கொடுக்காவிட்டால், பல கருவிகள் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தாமே சூட்டிக்கொள்கின்றன. அவ்வெண்ணைக் கண்டால், "எனக்கு முகவரி கொடுப்பார் இல்லை" என்று கருவி முறையிடுவதாகக் கொள்ளலாம். இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டாலோ, ஒரே கதவிலக்கம் உள்ள இரு வீடுகளுக்கு நடுவே தபால்காரர் படும் பாடுதான். ஒரு நேரம் இங்கே வரும். மறு நேரம் அங்கே போகும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இது ஒரு பெருங்காரணம்.

ஐந்தாம் படி வழி. இதைச் சோதிக்க 'பிங்' என்னும் சிறு நிரல் உண்டு. அமெரிக்காவில் மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் ஒலிமானி ஓர் ஒலியைச் செலுத்தி, அது எதிரொலித்து வருவதைக் கொண்டு தொலைவை அறியும். அந்த ஒலியின் பெயரையே இந்நிரலுக்கும் சூட்டினார். ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, "இருக்கிறாயா?" என்று கேட்பதும், "இருக்கிறேன்" என்னும் விடை எத்தனை மில்லி நொடியில் வந்தது என்று பார்ப்பதும் அதன் வேலை. முதலில் அடுத்திருக்கும் ரூட்டரைக் கேட்க வேண்டும். அது விடை தந்தால் வெளியுலகில் உள்ள ஓர் எண் முகவரியைக் கேட்க வேண்டும். அதுவும் விடை தந்தால், எண்ணுக்குப் பதிலாகப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வராவிட்டால், வழி நன்றாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டிலேதான் குறை என்பது விளங்கிவிடும். மூன்று கேள்விகளில் ஒரு பெரிய காடு மூன்று துண்டாகிவிட்டது பாருங்கள்! ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சில சர்வர்கள் பாதுகாப்பைக் கருதிப் பிங்குக்கு விடையே தருவதில்லை. ஆகவே விடை வந்தால் அது சான்று. வராமை மட்டும் சான்றாகாது.

ஆறாம் படி வாயில். சர்வருக்குப் பல வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வழியில் உள்ள ஃபயர்வால் என்னும் காவல், நமக்கு வேண்டிய வாயிலை அடைத்திருக்கலாம். அன்றியும், கைப்பேசி நிறுவனங்கள் பல்லாயிரம் கருவிகளைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னே நிறுத்தி, எந்த உரையாடல் யாருடையது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன. சிறிது நேரம் பேசாதிருக்கும் உரையாடலை அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகின்றன. கருவியோ தொடர்பு இன்னும் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று தானே சோதிக்கும் வழக்கம் இணைய நெறியில் இருந்தாலும், அதற்கு இயல்பாக விதித்த இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறைவன்று. அதற்குள் அட்டவணை எத்தனையோ முறை துடைக்கப்பட்டிருக்கும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒரு முறை, "நான் இருக்கிறேன்" என்று கருவியைச் சொல்ல வைப்பது நல்லது.

ஏழாம் படி நம்பிக்கை. இன்று செய்திகள் மறைமொழியில் செல்கின்றன. தான் பேசுவது உண்மையான சர்வரோடுதானா என்று கருவி ஒரு சான்றிதழைப் பார்த்து முடிவு செய்கிறது. சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கருவியின் கடிகாரத்தைக் காக்கும் பொத்தான் அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால், பல கருவிகள் மின்சாரம் போய் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று எண்ணிக்கொள்கின்றன. அந்தக் கணக்கின்படி சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! கருவி அதை ஏற்க மறுக்கிறது. இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2021 செப்டம்பர் 30-ஆம் நாள், உலகெங்கும் எண்ணற்ற இணையதளங்களின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. நெடுநாள் புதுப்பிக்கப்படாத கருவிகள் பல அன்று இணைப்பை இழந்தன. கம்பி அறவில்லை; கோபுரம் சாயவில்லை; நாட்காட்டியில் ஒரு தாள் கிழிந்தது; அவ்வளவுதான்.

இப்படிகளை எல்லாம் கேட்ட உங்களுக்கு, நடைமுறையில் இவை எவ்வாறு உதவும் என்று காட்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம், பெயர் வேண்டுவதில்லை. அங்கே இரவெல்லாம் எண்கள் ஒழுங்காகச் செல்லும். காலை பத்து மணிக்கு மேல் விட்டுவிட்டு அறுபடும். மாலையில் மறுபடி சரியாகிவிடும். "பகலில் டவரில் நெரிசல்" என்பது அங்குள்ளோர் முடிவு. அது பொருந்தாத ஊகம் அன்று. அதை நம்பிச் சிம் அட்டையை மாற்றினார்கள், மோடத்தை மாற்றினார்கள், ஆன்டெனாவை உயரத்தில் ஏற்றினார்கள். கோளாறு அசையவில்லை.

நான் போனபோது கருவியிடம் இரண்டே கேள்விகள் கேட்டேன். "நீ எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய்?" என்பது முதற் கேள்வி. கருவி கடைசியாகத் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை அதுவே கணக்கு வைத்திருக்கும். விடை: ஆறு நிமிடம். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டேன், இரண்டு நிமிடம். கருவி தொடர்பை இழக்கவில்லை. தன் நினைவையே இழந்து மீண்டும் மீண்டும் எழுந்துகொண்டிருந்தது! "எதனால் விழுந்தாய்?" என்பது இரண்டாவது கேள்வி. உட்பொதி கணினிகளில் பல, தாம் கடைசியாக ஏன் மறுதொடக்கம் செய்தோம் என்பதை ஒரு மூலையில் குறித்து வைக்கின்றன. காவற் கடிகாரம் எழுப்பியதா, ஒருவர் பொத்தானை அழுத்தினாரா, மின்னழுத்தம் தாழ்ந்ததா என்று அதிலிருந்து அறியலாம். அங்கே இருந்த குறிப்பு, மின்னழுத்தம் தாழ்ந்தது என்பது.

அங்கிருந்த பொறுப்பாளர் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். "பாருங்கள் ஐயா, பன்னிரண்டு வோல்ட் சரியாக இருக்கிறதே!" என்றார். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் நிகழும் சரிவைக் காட்டும் வேகம் சாதாரண மீட்டருக்கு இல்லை. ஆகவே கருவிக்கு மட்டும் ஒரு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்து ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். மறுநாள் மாலை வரையில் ஓர் எண்ணும் தவறவில்லை. இரவில் அந்த நிலையத்தில் காற்றூதும் பெரிய மோட்டார்களில் ஒன்றே ஓடும்; பகலில் எல்லாம் ஓடும். அந்த லைனிலேயே, மெல்லிய நீண்ட கம்பியின் கோடியில், ஒரு பழைய அடாப்டரில் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. பகலில் லைன் தாழ்ந்திருக்கும், மோடம் பேச வாயெடுக்கும் கணத்தில் இன்னும் தாழும், கருவி மயங்கும். தனி மின்வழியும் குட்டையான தடித்த கம்பியும் கொடுத்தபின் அக்கோளாறு தீர்ந்தது. டவர் குற்றமற்றது, ஆலைக்காரர் கருவியை நிறுத்தவும் இல்லை.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உண்டு. கோளாறு எப்பொழுது வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது ஒன்று. 'பகலில் மட்டும்' என்னும் குறிப்பு அங்குள்ளோரிடம் முன்பே இருந்தது. 'பகலில் வேறு என்ன நடக்கிறது?' என்னும் அடுத்த கேள்விதான் எழவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றை ஒருங்கே மாற்றிக் கோளாறு தீர்ந்தாலும், எது மருந்து என்பது தெரியாது. அதே காரணத்தால், எதற்கெடுத்தாலும் கருவியை அணைத்துப் போடுவதும் நல்ல பழக்கம் அன்று. அணைத்துப் போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது ஏன் விழுந்தது என்பதற்கான சான்றும் அத்தோடு அழிந்துவிடலாம். அணைப்பதற்கு முன் விளக்குகளின் நிலை, முகவரி, அலையின் வலிமை, விழித்திருந்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து புறப்படும்போது அங்கிருந்த இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "ஐயா, இனிமேல் எப்போதாவது தொடர்பு அறுந்தால், கடைசியாக வந்த எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பும்படி செய்துவிட முடியாதா? நோட்டீசு வராதே!" அவர் கெட்ட எண்ணத்தால் கேட்கவில்லை, வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தால் கேட்டார். "செய்ய முடியும் தம்பி, செய்யக் கூடாது" என்றேன். மோடத்தின் 99-ஐ அவருக்கு எடுத்துக் கூறினேன். ஒரு சிறு மோடத்தை அமைத்தவர்கள்கூட, 'தெரியவில்லை' என்பதற்கென்று தனியாக ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தெரியாததைச் சுழி என்று அவர்கள் எழுதவில்லை. நேற்றைய எண்ணை இன்றைய எண் என்றும் எழுதவில்லை. அளக்காத நேரத்தில் ஓட்டம் சுழி என்று எழுதினால், நீர் ஓடவில்லை என்று பொய்ச் சான்று சொன்னதாகும். பழைய எண்ணைத் திருப்பி எழுதினால், நீர் நன்றாக இருந்தது என்று பொய்ச் சான்று சொன்னதாகும். இரண்டும் கிணற்றுக்குச் செய்யும் வஞ்சனை.

நேர்மையான வழி ஒன்று உண்டு. அது கடினமானதும் அன்று. தொடர்பு அறுந்தாலும் அளப்பது அறுவதில்லை. அளந்த எண்ணை, அளந்த நேரத்தோடு கருவி தன் நினைவில் எழுதி வைக்கலாம். தொடர்பு மீண்டதும், பிந்தி அனுப்பியது என்னும் குறிப்போடு அனுப்பலாம். அளக்கவே இயலாத நேரத்தை வெற்றிடமாகவே விட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதலாம். மின்னழுத்தம் தாழ்ந்ததால் கருவி இத்தனை முறை விழுந்தது என்னும் குறிப்பு கையில் இருந்தால், ஆலைக்காரர் அதிகாரியின் முன் அஞ்ச வேண்டியதில்லை. உண்மையாகவே கருவியை நிறுத்தி வைத்தவர் எவரேனும் இருந்தால், 'டவர் சரியில்லை' என்னும் போர்வைக்குள் அவர் ஒளிந்துகொள்ளவும் இயலாது. காரணத்தைக் காணும் கலை, குற்றமற்றவனுக்குக் கேடயம். குற்றமுள்ளவனுக்கு விளக்கு வெளிச்சம். விவசாயியின் ஐயத்துக்கும் அதுவே விடை தரும்.

மாணவ நண்பர்களே, இக்கலையைப் பயில்வதற்குச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ ஒரு ரூட்டரும் ஒரு கணினியும் இருந்தால் போதும். இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலேயே கணினியின் முகவரி என்ன, ரூட்டர் எத்தனை மில்லி நொடியில் விடை தருகிறது, வெளியே உள்ள சர்வர் எத்தனை மில்லி நொடியில் விடை தருகிறது என்று பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உடல் நலமாக இருந்தபோது நாடி எப்படித் துடித்தது என்பதை அறிந்த மருத்துவருக்கே நோயின்போது அதன் மாற்றம் விளங்கும். பிறகு ஆசிரியரின் அனுமதியோடு கேபிளைச் சிறிது தளர்த்தியும், கடிகாரத்தைப் பின்னோக்கி வைத்தும், டி.என்.எஸ். முகவரியைத் தவறாகக் கொடுத்தும், ஒவ்வொரு கோளாறும் எவ்வாறு தோற்றமளிக்கிறது என்று பாருங்கள். உங்கள் தோழர் ஒருவர் மறைவாக ஒரு கோளாறை உண்டாக்க, நீங்கள் படிப்படியாகக் கேள்வி கேட்டு அதைக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே ஆடலாம்.

உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் அதிகாரி ஆவீர்கள். சிலர் தோல் தொழிலையே நடத்துவீர்கள். சிலர் பாலாற்றங்கரையில் பயிர் செய்வீர்கள். எப்பணியில் இருந்தாலும், ஒரு கருவி மௌனமாக இருக்கும்போது அதன் சார்பில் நீங்கள் பேசிவிடாதீர்கள். கீழ்ப்படியிலிருந்து தொடங்கி அதையே கேளுங்கள். அது சொல்லும் வரையில், 'தெரியவில்லை' என்று எழுதத் துணிவு கொள்ளுங்கள்.